348 மில்லிமீட்டர்

ஜனவரி 12, ஞாயிறு

அறை 17.8 டெசிபல்.

பிரிட்ஜை மறுபடி போட்டேனா என்று இப்போதுதான் போய்ப் பார்த்தேன். போடவில்லை. வெண்ணெய் இளகிக் கிடக்கிறது. சத்தம் அளப்பதற்காக ஞாயிறுதோறும் பிரிட்ஜ், ஹீட்டர், சுவர்க்கடிகாரம் மூன்றையும் நிறுத்துகிறேன். கடிகாரத்தை மட்டும் ஒழுங்காகத் திரும்ப ஓட விடுகிறேன். அது என்ன நியாயமோ.

ஞாயிறுதான் அளக்க நல்ல நாள். ஜெர்மனியில் அன்றைக்குச் சட்டப்படி யாரும் சுவரில் துளை போடக் கூடாது, துணி துவைக்கிற இயந்திரத்தை ஓட்டக் கூடாது, காலி பாட்டிலைத் தெருத்தொட்டியில் போடக்கூடக் கூடாது. ஓல்டன்பர்க் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

மேசையில் ஐந்து கிராபிக்ஸ் கார்டுகள். ஐந்துக்குள்ளும் ஒரே சிப். ஐந்து கம்பெனிகள் அதற்கு ஐந்து விதமாகச் சட்டை தைத்துப் போட்டிருக்கின்றன. எதன் சட்டை அழகு, எது சூடாகாமல் இருக்கிறது, கேம் விளையாட எது கொடுத்த காசுக்குத் தகும் என்று பத்திரிகை ஆசிரியர் வோல்கர்ட்டுக்குப் பிப்ரவரி நடுவுக்குள் எழுதித் தர வேண்டும். கம்பெனிப் பெயர்கள் பத்திரிகைக்கு. இங்கே நான் வைத்த பெயர்கள்தான். வெள்ளையாக, ஓரமெல்லாம் விளக்கு எரிவது மணப்பெண். வானவில்லை விழுங்கியது ராட்டினம். அப்புறம் செங்கல். மூன்று விசிறியோடு கறுப்பாக நீண்டு கிடப்பது சவப்பெட்டி. இரண்டே விசிறி வைத்த குட்டையானது குள்ளன்.

மகள் இம்கே இந்த வீட்டில் இருந்தவரை அறை பத்தொன்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. பழைய பிரிட்ஜ்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அவள் ரோஸ்டாக் போய் மூன்று வருடமாகிறது. பிரிட்ஜ் அதேதான்.

ஜனவரி 14

மணப்பெண் சிணுங்குகிறாள். உள்ளே கம்பிச்சுருளின் சிணுங்கல், கொசு மாதிரி. "வெள்ளைதான் விக்குது, கேசா, கொஞ்சம் பாத்து எழுது" என்கிறார் வோல்கர்ட். பார்த்துத்தான் எழுதுகிறேன். கேட்டும் எழுதுவேன்.

ஜனவரி 16, வியாழன்

இம்கேயிடமிருந்து செய்தி!

"அம்மா, என் கார்டு செத்துப்போச்சு. ஸ்கிரீன் கறுப்பா இருக்கு. எதை வாங்கட்டும்?"

மூன்றே வரி. கிறிஸ்துமஸுக்குப் போனில் பதினொரு நிமிடம் பேசினோம். அதில் பாதி வானிலை. அதற்குப் பிறகு இதுதான். அவளாக என்னிடம் ஒன்றைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பதில் எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. எழுதியதெல்லாம் அழித்துவிட்டு, "இரு, சரியாப் பாத்துச் சொல்றேன்" என்று அனுப்பினேன்.

அதற்கு அவள் எழுதிய பதிலில்தான் தெரிந்தது: வியாழக்கிழமை சாயங்காலம் மூன்று சிநேகிதர்களோடு ஆன்லைனில் ரயில்பாதை போடுகிற ஏதோ கேம் விளையாடுகிறாளாம். ஒருத்தர் பாலம் கட்ட, ஒருத்தர் சிக்னல் போட. மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி, மாற்றி மாற்றி ஷிப்ட். வாரத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் அவளுக்கென்று இருக்கிறது. இதுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

ஜனவரி 17

என் அட்டவணையை அனுப்பினேன். பதினான்கு பத்தி. கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து:

"அம்மா, இதெல்லாம் வேணாம். நீயா இருந்தா எதை எடுப்பேன்னு மட்டும் சொல்லு."

நானாக இருந்தால். ஞாயிறு வரட்டும். இன்னொரு முறை அளந்துவிட்டுச் சொல்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

அறை 17.6.

சவப்பெட்டி ஜெயித்துவிட்டது. ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டியும் 61 டிகிரியைத் தாண்டவில்லை. அரை மீட்டர் தள்ளி 27 டெசிபல். பக்கத்தில் காதை வைத்தால்தான் ஓடுவதே தெரிகிறது. ராட்டினத்துக்கு 34. செங்கல் பரவாயில்லை. மணப்பெண்ணை விடுங்கள். குள்ளனுக்குக் கடைசி இடம், 39, தலைமுடி உலர்த்துகிற மெஷின் தோற்றது. கேமில் ஓடுகிற வேகம் என்று பார்த்தால் ஐந்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. முதலுக்கும் கடைசிக்கும் நூற்றுக்கு மூன்று பிரேம்.

அவள் படுக்கிற அறையிலேயேதான் கம்ப்யூட்டரும் இருக்கும். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கும்போது ஏதாவது ஓடிக்கொண்டிருந்தாலும் தொந்தரவில்லாமல் இருக்க வேண்டும். அதனால் சவப்பெட்டிதான். இதை யோசித்து எடுத்தேன் என்பதில் எனக்கே ஒரு பெருமை.

ஜனவரி 20

சோதனைக்கு வந்த கார்டுகளை ஒன்று விடாமல் திருப்பி அனுப்புவது என் வழக்கம். அதனால் கடையில் புதிதாக ஒன்று வாங்கினேன். வோல்கர்ட் போனில் சிரித்தார்.

"நீ காசு குடுத்து கார்டு வாங்குறியா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"மகளுக்கு."

"உனக்கு மக இருக்கா?"

ஒன்பது வருடமாகக் கிட்டத்தட்ட தினமும் பேசுகிற மனிதர். அவர்மேல் தப்பில்லை. நான் சொன்னதில்லை.

ஜனவரி 22

பார்சல் போய்விட்டது. உள்ளே ஒரு சீட்டு வைத்தேன். நான்கு விதமாக எழுதிப் பார்த்து, கடைசியில் வைத்தது இது: "சத்தம் 27தான். நிம்மதியாத் தூங்கு. அம்மா."

ஜனவரி 25

பார்சல் சேர்ந்துவிட்டதாகக் காட்டுகிறது. ஹென்னர் என்று யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். கூடத் தங்கியிருப்பவராக இருக்கும்.

ஜனவரி 26, ஞாயிறு

அளக்க எதுவுமில்லை. கார்டுகள் கம்பெனிகளுக்குப் போய்விட்டன. இருந்தாலும் வழக்கம்போல மூன்றையும் நிறுத்திவிட்டுக் கருவியின் முன்னால் உட்கார்ந்தேன். 17.5. இது வரைக்கும் வந்ததிலேயே குறைவு. மேசையில் போன் இருந்தது. இந்த வீட்டில் இப்போது சத்தம் போடக்கூடியது அது ஒன்றுதான்.

போடவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

"அம்மா, இது உள்ள போகல."

ஹலோ கூட இல்லை. எனக்குப் புரியவில்லை. எது எங்கே போகவில்லை என்று கேட்டேன்.

"கார்டும்மா. கேபினட்டுக்குள்ள போகல. பத்து சென்டிமீட்டர் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. ஹென்னர் ரம்பம் கொண்டாரவான்னு கேக்குறான்."

சவப்பெட்டி 348 மில்லிமீட்டர். அவள் கேபினட்டில், கம்ப்யூட்டர் பெட்டியில், 240தான் இடம். 348 என்று அட்டவணையில் என் கையால் அடித்திருக்கிறேன், பதினோராவது பத்தி! ஆனால் பதினான்கு வருடமாக நான் சோதிப்பது மூடியில்லாத மேசையில். கார்டு ஒரு பெட்டிக்குள் போக வேண்டிய பொருள் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. உலகத்தில் எந்தக் கடைப்பையனும் செய்யாத தப்பு. இதை வேலையாகச் செய்கிற ஒருத்தியால்தான் செய்ய முடியும்.

"உன் கேபினட் அவ்வளவு சின்னதுன்னு நீ சொல்லலியே" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"சொன்னேன். அக்டோபர்ல. ஜன்னல் திட்டுல வைக்கிற மாதிரி குட்டிப் பெட்டி ஒண்ணு பழசா கிடைச்சதுன்னு சொன்னேன். நீ 'ம்ம்'னு சொன்ன."

"இம்கே..."

"என் ரூம் எவ்ளோ பெருசுன்னு உனக்குத் தெரியுமா? மூணு வருஷத்துல ஒரு தடவ வந்து பாத்திருக்கியா? 'நிம்மதியாத் தூங்கு'ன்னு சீட்டு வேற. சத்தம் இருபத்தேழாம்! சின்ன வயசுல ஞாயித்துக்கிழமன்னா நான் கட்டில விட்டு எறங்கக் கூடாது. புத்தகத்துல பக்கத்தைத் திருப்பினா சத்தம் வரும்னு ஒரே பக்கத்த அரை மணி நேரம் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். முடிஞ்சதும் நீ வந்து கதவத் தொறந்து 'பத்தொன்பது, பரவால்ல'ன்னு சொல்வ. அந்த ஒண்ணு ரெண்டு டெசிபல் நான்தான்மா. நான் மூச்சு விட்டது."

பிறகு, "கார்ட திருப்பி அனுப்பிடறேன். நானே பாத்து வாங்கிக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

இப்படியா வளத்தேன்? ஆமா, இப்படித்தான் வளத்திருக்கேன்.

ஜனவரி 29

பரவால்ல — அந்த வார்த்தையை நிஜமாகவே சொல்லியிருக்கிறேன். ஞாபகம் வருகிறது.

ஜனவரி 31

கீழ்வீட்டு டியார்க்ஸ் வாசலில் நின்றார். வாய் திறக்காமல் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போகிறவர், இன்றைக்கு நேரிலேயே வந்துவிட்டார். காகிதக் குப்பைத்தொட்டி முழுவதும் என் கார்டுப் பெட்டிகளாம்.

"மேடம், அந்தத் தொட்டி இந்தக் கட்டடத்துல ஆறு வீட்டுக்கும் சேத்து. உங்க பெட்டிங்களுக்குத் தனியா ஒரு வீடு எடுத்துருங்களேன்."

மன்னிப்புக் கேட்டேன். போகிற மனிதர் நின்று, "பாப்பா எப்படி இருக்கு?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். எனக்கென்ன தெரியும்.

"அப்பல்லாம் தும்மல் வந்தா அம்மாவுக்குத் தெரியாம கீழ இறங்கி வரும். நிலவறைக் கதவைச் சாத்திக்கிட்டுத் தும்மிட்டு, மறுபடி மாடிக்குப் போகும். மேல அம்மா அளக்குறாங்கன்னு சொல்லும். நல்ல சிரிப்பா இருக்கும் எனக்கு."

அவருக்குச் சிரிப்பு. நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். எழுதிவைக்கிறேன், யாரும் படிக்கப்போவதில்லை: சத்தம் போட்டு அழுதேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கருவியைப் பெட்டியில் வைத்து அலமாரிக்குள் தள்ளினேன். கோசுக்கீரையும் தொத்திறைச்சியும் சமைத்தேன். நாலு பேர் சாப்பிடுகிற அளவு. சின்னப் பாத்திரத்தில் எனக்குச் சமைக்கவே வரவில்லை இன்னும்.

பிப்ரவரி 6

சவப்பெட்டி திரும்பி வந்துவிட்டது. நுரைத்தட்டை எடுத்து உதறினேன், உறையைத் திருப்பிப் பார்த்தேன், கையேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நான் வைத்த சீட்டு இல்லை.

எடுத்து வைத்துக்கொண்டாளா, கிழித்துப் போட்டாளா? கேட்கத் தைரியமில்லை. கேட்கவும் மாட்டேன்.

பிப்ரவரி 7

ஐந்து முறை எழுதி ஐந்து முறை அழித்தேன். காரணம் சொல்வதெல்லாம் பொய் மாதிரி இருக்கிறது. வேலை, தனியாக வளர்த்தேன், ஞாயிறை விட்டால் வேறு நாள் இல்லை. எல்லாம் நிஜம்தான், ஆனாலும் பொய் மாதிரி இருக்கிறது. கடைசியில் அனுப்பியது:

"நீ சொன்னது எல்லாம் சரி. தப்பு என்மேலதான். உன் ரூமைப் பத்திச் சொல்லு. கேபினட்டைப் பத்தி இல்ல. ரூமைப் பத்தி."

பிப்ரவரி 8

பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மத்தியானம் ஒரு ஒலிப்பதிவு வந்தது. ஒரு நிமிடம் பத்து விநாடி. முதலில் கை தவறி அழுத்திவிட்டாள் என்று நினைத்தேன், பேச்சே இல்லை. பிறகு உட்கார்ந்து கேட்டேன். கடற்காக்கைகள். டிராம் திரும்புகிற கிறீச். எங்கேயோ வெங்காயம் வதங்குகிறது, ஒரு ஆண்குரல் தப்புத் தப்பாகப் பாடுகிறது. குழாய் உதறுகிறது. மேலே யாரோ செருப்போடு நடக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை! அந்தக் கட்டடத்தில் ஒரு ஆளுக்கும் ஒழுங்கே இல்லை.

கடைசியில் அவள் குரல்.

"இதான் என் ரூம். ஜன்னல சாத்தினாலும் இப்படித்தான். எனக்கு இப்படி இருந்தாத்தான்மா தூக்கம் வரும்."

ஒன்பது முறை கேட்டேன். நாற்பது டெசிபலுக்கு மேலேயே இருக்கும். அளக்கவில்லை, காதுக்கே தெரிகிறது. அந்த அறையில் 27 என்ன, 39 என்ன. குள்ளன் தொண்டை கிழியக் கத்தினாலும் அங்கே கேட்காது.

ஐந்து கார்டில் தேடித் தேடி நான் அவளுக்கு அனுப்பியது நிசப்தம். எதை விட்டு ஓடினாளோ அதையே பார்சல் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 11

எழுதினேன்: "உன் பெட்டிக்குள்ள போறது குட்டையானது ஒண்ணுதான். 228 மில்லிமீட்டர். நிறையச் சத்தம் போடும். கேமுக்கு ஒரு குறையும் இல்ல."

"போடட்டும்" என்று பதில்.

ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. "தபால்ல அனுப்பாத. நீயே கொண்டா. 22ஆம் தேதி சனிக்கிழம எனக்கு ஷிப்ட் இல்ல."

நாற்காலியிலிருந்து எழுந்து, ஏன் எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 13

கட்டுரை போய்விட்டது. சவப்பெட்டிதான் முதலிடம், எண்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் கடைசியில் ஒன்று சேர்த்திருந்தேன்: வாங்குவதற்கு முன் உங்கள் பெட்டியை அளந்து பாருங்கள், அது இருக்கும் அறையில் யார் தூங்குகிறார்கள், அவர்களுக்கு எப்படி இருந்தால் தூக்கம் வரும் என்றும் கேளுங்கள். முதல் பாதியை விட்டுவிட்டு மீதியை வோல்கர்ட் வெட்டிவிட்டார்.

"கேசா, இது கார்டு விமர்சனம். குடும்ப ஆலோசனைப் பக்கம் இல்ல."

சண்டை போடவில்லை. பிறகு அவராகவே, கொஞ்சம் தயங்கி, "உன் மகளுக்குப் பேரு என்ன?" என்றார். சொன்னேன்.

பிப்ரவரி 21

பையில் வைத்தது: கடையில் புதிதாக வாங்கிய குள்ளன், ஸ்க்ரூ டிரைவர், தேயிலை, கற்கண்டு, மாற்றுத்துணி ஒரு செட். ஒரு செட்தானா, இரண்டா? தங்கச் சொல்வாளா என்று தெரியவில்லை. இரண்டு வைத்தால் எதிர்பார்த்து வந்த மாதிரி இருக்கும். ஒன்றே போதும்.

அங்கே போய் என்ன பேசுவது? ரயிலில் ஐந்து மணி நேரம் இருக்கிறது, யோசித்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு, ரோஸ்டாக்

தங்கச் சொன்னாள். அவளுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். ஹென்னர் காப்பி போட்டுக்கொண்டே பாடுகிறான். நேரில் இன்னும் மோசம்.

ரயிலில் ஐந்து மணி நேரமும் ஒன்றும் யோசிக்கவில்லை. நேற்று ஸ்டேஷனில் அவள் நின்றிருந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. கட்டிக்கொண்டோம், இரண்டு பேருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. துறைமுகத்தில் மீன் வைத்த ரொட்டி வாங்கி நின்றபடியே தின்றோம். அவள் மருத்துவமனைக் கதை ஏதோ ஆரம்பித்தாள், ஒரு கடற்காக்கை என் ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனது, கதை அங்கேயே நின்றுவிட்டது.

அறை ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னல் திட்டில் அந்தப் பெட்டி. பெட்டியில் கண்ணாடியே இல்லை; கார்டு அழகா, அசிங்கமா என்று பார்க்க ஒரு ஓட்டையும் கிடையாது. அழகுக்கு நான் எழுதிய ஒரு பக்கம் முழுவதும் இங்கே வீண்.

நான்தான் மாட்டினேன். ஆயிரம் கார்டு மாட்டிய கை, எல்லாம் திறந்த மேசையில். பெட்டிக்குள் கையை விட்டதும் எந்தப் பக்கம் திருப்புவதென்றே தெரியவில்லை. விரலில் தகடு சிராய்த்தது.

"நகரும்மா" என்று அவள் இரண்டு விரலால் அதைத் தள்ளினாள். டக். உட்கார்ந்துவிட்டது. என் விரலைப் பிடித்துப் பார்த்து, இழுப்பறையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டினாள். சீக்கிரமாக, சுத்தமாக. அவள் வேலை செய்வதை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

ஆன்லைனில் சிநேகிதர்கள் காத்திருந்தார்கள், ஒரு மாதமாக அவளில்லாமல் ரயில்பாதை பாதியில் நிற்கிறதாம். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அறையில் ஒரே நாற்காலி, அதனால் நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். குள்ளன் முழு வேகத்தில் ஓடியது. வெளியே டிராம், உள்ளே ஹென்னர். எனக்கே கேட்கவில்லை, பெட்டிமேல் கை வைத்துத்தான் விசிறி சுற்றுகிறது என்று தெரிந்துகொண்டேன். திரையில் ஒரு நீலநிற எஞ்சின் பாலத்தைத் தாண்டியது. யாரோ ஏதோ சொல்ல, இம்கே வாய்விட்டுச் சிரித்தாள். இந்தச் சிரிப்பு என் வீட்டில் இருந்ததில்லை. மடியில் கையைக் கட்டிக்கொண்டு, அவளுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்று அசையாமல் இருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும்.

அவள் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினாள்.

"அம்மா, ஏன் மூச்சுகூட விடாம உக்காந்திருக்க? இங்க யாரும் எதையும் அளக்கல. ஏதாவது பேசேன்."

வாயைத் திறந்தேன். மூன்று வருடத்துக்குச் சேர்த்து வைத்ததில் ஒன்றும் வரவில்லை. வந்தது விசிறியின் தாங்கி ஒன்றுதான்: இந்த மாதிரிச் சின்ன விசிறியில் போடுகிற பேரிங் எப்படி இருக்கும், இரண்டு வருடத்தில் எப்படித் தேயும், தேயும்போது என்ன சத்தம் வரும். அசடு மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் திரையைப் பார்த்தபடி பாதை போட்டுக்கொண்டே, "அப்புறம்?" என்றாள். இன்னும் கொஞ்சம் சொன்னேன். அவள் ஹெட்ஃபோனில் என் பக்கத்துக் காதுமூடியைத் தள்ளி, அந்தக் காதை எனக்குத் திறந்து வைத்திருந்தாள்.